புற்றுநோய்: தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள்



இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் குறித்து ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபோது, புற்றுநோயைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். அரசாங்க மருத்துவமனையில் நெடுங்காலம் தாதியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பின்னர், நமது அறநிலையத்தின் இலவச மருத்துவ முகாம்களில் தொண்டு செய்து வருகிறேன். முகாமுக்கு வருவோர் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றியெல்லாம் உரக்கக் கேட்கின்றனர். புற்றுநோயைப் பற்றிக் கேட்க வருபவர்களோ, பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கின்றனர். சிலர் நோயின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. "அந்த நோய்" என்கின்றனர்.

அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்குக் கவலையளிக்கிறது. பேசத் தயங்கும் நோய் காலம் கடந்த பின்பே மருத்துவரிடம் வருகிறது. ஆகவே, முகாம்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையே வரிசைப்படுத்தி, என்னால் இயன்ற அளவு எளிய முறையில் விடை தருகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவரே என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

1. புற்றுநோய் என்பது என்ன?

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பழைய அணுக்கள் மடிவதும் புதியவை பிறப்பதும் ஒரு கட்டுப்பாட்டுடன் நடைபெறுகின்றன. அந்தக் கட்டுப்பாடு ஏதோ ஓர் அணுவில் பழுதுபட்டு, அது அளவில்லாமல் பெருகத் தொடங்குவதே புற்றுநோய். கரையான் புற்று உள்ளுக்குள்ளேயே கிளைவிட்டுப் பரவுவதைப் போல, இதுவும் பக்கத்துத் தசைகளுக்குள் புகும். இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் வேறு உறுப்புகளுக்கும் செல்லும்.

இது ஒரே நோயன்று; நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர். ஆகவே, ஒருவருக்குப் பலன் தந்த மருந்து இன்னொருவருக்கு ஏன் தரப்படவில்லை என்று வியக்க வேண்டியதில்லை. உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஐவரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை இந்நோய் வரக்கூடும் என்று கணக்கிட்டுள்ளனர். எனவே இது எங்கோ எவருக்கோ வரும் நோயன்று.

2. இது ஒட்டுவாரொட்டி நோயா?

இல்லை. நோயாளியைத் தொடுவதாலோ, அவர் தட்டில் உண்பதாலோ, அவரோடு ஒரே அறையில் உறங்குவதாலோ புற்றுநோய் வராது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். நோய் தரும் வலியைவிட அந்தத் தனித் தட்டு தரும் வலி பெரிது.

ஆனால், சில புற்றுநோய்களுக்கு அடிப்படையாக அமையும் கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். ஹெப்படைட்டிஸ் பி கிருமி நெடுங்காலம் தங்கினால் கல்லீரல் புற்றுநோய் வரலாம். எச்.பி.வி. என்னும் கிருமியே கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். இதைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசன் அவர்களுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. 13 வயது மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் 2010இல் தொடங்கியது. பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வரும்போது, "வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று ஒதுக்கிவிடாதீர்கள். கிருமி அண்டுவதற்கு முன்பு போட்டால்தான் அந்த ஊசிக்குப் பலன்.

3. குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருமா?

பெற்றோரிடமிருந்து நேராக வழிவழியாக வரும் மரபணுக் குறையால் உண்டாகும் புற்றுநோய்கள் 100க்கு 5 முதல் 10 வரைதான். ஆனால் தாய், சகோதரி, சித்தி என ஒரே வழியில் பலருக்கு மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருந்தாலும், இளம் வயதிலேயே வந்திருந்தாலும், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் முன்கூட்டியே பரிசோதனை தொடங்கச் சொல்வார். இதற்காகப் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சி மறைப்பது, அந்தப் பெண்ணுக்கே நாம் செய்யும் தீங்காகும்.

4. இது கர்மவினையின் பயனா?

இக்கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். நோயாளியைப் பார்க்க வந்தவர். படுக்கையில் இருப்பவர் காதில் விழும்படி "என்ன பாவம் செய்தாரோ" என்று சொல்லிச் செல்கின்றனர்.

ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயால் அவதியுற்று 1886ஆம் ஆண்டு மகாசமாதி அடைந்தார். பகவான் ரமண மகரிஷியின் இடக்கையில் புற்றுக்கட்டி தோன்றியது. நான்கு முறை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் அவர் மகாநிர்வாணம் அடைந்தார். அம்மகான்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்க நமக்கு நா எழுமா? அவர்களுடைய அடியார்கள் மருத்துவரை நாடத் தயங்கவில்லை. மகான்களும் மருத்துவரை விலக்கவில்லை. வினைப்பயன் பற்றிய தத்துவம் நம் வாழ்வை நாமே சீர்படுத்திக்கொள்வதற்கு உரியது. பிறர் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு உரியதன்று.

5. வெற்றிலை பாக்கு போடுவதால் வாய்ப் புற்றுநோய் வருமா?

வரும். கோயில் மலரில் இதை எழுதுவது சிலருக்கு வருத்தமளிக்கலாம். ஆனால் மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே, அதிலும் நம் பெண்களிடையே, வாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு இப்பழக்கமே தலையாய காரணம். எழுதாமல் விடுவது முறையன்று.

புகையிலை சேர்த்துப் போட்டால் கெடுதல் என்பது பலருக்கும் தெரியும். "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், பாக்கு தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதி செய்துவிட்டது. பாக்கில் உள்ள காரப்பொருள்கள் உமிழ்நீருடனும் சுண்ணாம்புடனும் சேர்ந்து நஞ்சாக மாறுகின்றன. சுண்ணாம்பு வாயின் மென்தோலைப் புண்படுத்துகிறது. கன்னத்தில் ஒரே பக்கமாக அடக்கி வைத்து, சிலர் அப்படியே உறங்கியும் விடுவதால், ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நஞ்சு ஊறுகிறது. கன்னத் தசை நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும் நோயும் பாக்கினால் வருவதே. அது பின்னர் புற்றாக மாறக்கூடும்.

அப்படியானால் தாம்பூலம் கூடாதா? பூசையில் வெற்றிலை பாக்கு வைப்பதையும், சுமங்கலிப் பெண்களுக்குத் தாம்பூலம் கொடுப்பதையும் யாரும் குறை கூறவில்லை. அது மங்கலப் பொருள். தட்டில் வைத்து மரியாதை செய்வது வேறு; நாள்தோறும் பத்து முறை வாயில் அடக்குவது வேறு. கொடுப்பவர் கொடுக்கட்டும், பெறுபவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்தின் முன் வைக்கட்டும். பிள்ளைகள் கையில் இனிப்புப் பாக்குப் பொட்டலம் போவதை மட்டும் கட்டாயம் தடுக்க வேண்டும்.

நாற்பது ஆண்டுகளாகப் போட்டாயிற்று, இனி விட்டு என்ன பயன் என்று கேட்காதீர்கள். விட்ட நாளிலிருந்து வாய் மேலும் புண்படுவது நிற்கிறது. காலம் செல்லச் செல்ல ஆபத்தும் குறைகிறது.

6. வேறு எவை காரணம்?

முதலிடம் புகைப்பழக்கத்துக்கே. நுரையீரல் மட்டுமன்றி வாய், தொண்டை, உணவுக்குழாய், சிறுநீர்ப்பை, கணையம் என்று பல உறுப்புகளில் அது புற்றுநோயை உண்டாக்குகிறது. புகைப்பதை விட்டு 10 ஆண்டுகள் ஆனவருக்கு, விடாதவரை நோக்க நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

அடுத்தது மது. பீராக இருந்தாலும் சம்சுவாக இருந்தாலும் கெடுதல் செய்வது அதிலுள்ள ஆல்கஹாலே. வாய், தொண்டை, கல்லீரல், குடல், பெண்களின் மார்பகம் ஆகியவை பாதிக்கப்படுகின்றன. குடியும் புகையும் சேர்ந்தால் இரண்டின் கெடுதலும் ஒன்றையொன்று பெருக்கிவிடும்.

உடல் பருமன், உடற்பயிற்சி இன்மை, காய்கனி குறைந்த உணவு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. வயதும் ஒரு காரணம். அதை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் புற்றுநோய்களில் 100க்கு 30 முதல் 50 வரை தடுக்கக் கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

"நான் சைவம், குடி இல்லை, சிகரெட் இல்லை, எனக்கு ஏன் வந்தது?" என்று கேட்பவர்களும் உண்டு. அணுக்கள் பெருகும்போது தற்செயலாக நேரும் பிழையாலும் நோய் வருகிறது. நல்லொழுக்கம் ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஆகவே சைவ உணவு உண்பவரும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

7. எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்; வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு; விழுங்குவதில் சிரமம்; மார்பிலோ கழுத்திலோ அக்குளிலோ கட்டி; மார்புக் காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோல் உள்ளிழுத்தல்; மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு; மலத்தில் இரத்தம்; மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம்; நெடுநாள் இருமல், குரல் கம்முதல்; காரணமின்றி எடை குறைதல். இவற்றுள் ஒன்று இருந்தாலே புற்றுநோய் என்று பொருளன்று. பெரும்பாலும் வேறு காரணமாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தொடக்கத்தில் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. "வலிக்கவில்லையே, பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்ததாலேயே பலர் காலத்தைத் தவறவிட்டனர். மூலம் என்று தாமே முடிவு செய்து மலத்தில் வரும் இரத்தத்துக்கு ஆண்டுக்கணக்கில் மருந்துக்கடைக் களிம்பு பூசுவோரும் உண்டு.

வாயைச் சோதிக்கக் கண்ணாடியும் டார்ச் விளக்கும் போதும். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட்டு உதட்டின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறு, நாக்கின் மேல், இரு ஓரங்கள், நாக்குக்கு அடியில், மேலண்ணம் என வரிசையாகப் பார்க்க வேண்டும். பின் கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். புகை, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2005இல் வெளியான முடிவு தெரிவிக்கிறது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் விளக்கும் கண்ணும் காத்த உயிர்கள் அவை.

8. நோய் வருமுன் என்ன பரிசோதனைகள் செய்யலாம்?

பெண்கள் 50 வயது முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பக எக்ஸ்ரேயாகிய மேமோகிராம் எடுக்க வேண்டும். குடும்பத்தில் நோய் இருந்தால் எப்போது தொடங்குவது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். திருமணமான பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். பேப் ஸ்மியர் சோதனையோடு இப்போது எச்.பி.வி. சோதனையும் வந்துவிட்டது. இதில் மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துத் தரும் வசதியும் உண்டு. எனவே வெட்கப்பட்டுத் தள்ளிப்போடக் காரணமில்லை. 50 வயதைக் கடந்த ஆண்களும் பெண்களும் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனையை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் செய்துகொள்ளலாம். வெற்றிலை, புகை, மது ஆகிய பழக்கம் உள்ளவர்கள் அரசாங்கப் பல் கிளினிக்கில் வாயைக் காட்ட வேண்டும். பல் வலி வந்தால்தான் போக வேண்டும் என்பதில்லை.

9. கத்தி வைத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

முகாமில் நான் மிகுதியாகக் கேட்ட கேள்வி இதுதான். இந்த அச்சத்தால் இழந்த உயிர்கள் பல. கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யாமல், அது புற்றா, எந்த வகைப் புற்று, எந்த மருந்து பலிக்கும் என்று அறிய இயலாது. முறைப்படி செய்யப்படும் அச்சோதனையால் நோய் பரவுவது மிக மிக அரிது. காற்றுப் பட்டால் பரவும் என்பதும் தவறு.

இந்த நம்பிக்கை எப்படி வந்தது? அக்காலத்தில் நோய் முற்றிய பின்பே மக்கள் மருத்துவமனைக்கு வந்தனர். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஏற்கெனவே பரவியிருக்கும். சில மாதங்களில் நோயாளி இறந்துவிடுவார். கத்தி வைத்ததால்தான் இறந்தார் என்று உறவினர் எண்ணினர். பழி தாமதத்துக்கு உரியது, கத்திக்கு உரியதன்று.

10. கதிரியக்கமும் கீமோதெரபியும் தாங்க முடியாத துன்பமா?

புற்றுநோய்க்கான சிகிச்சைகளுள் முதன்மையானவை மூன்று: அறுவை, கதிரியக்கம், கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை. இவற்றோடு ஹார்மோன் மருந்துகளும், புற்றணுவை மட்டும் குறிவைக்கும் மருந்துகளும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் மருந்துகளும் வந்துள்ளன. கடைசியாகச் சொன்ன முறைக்கு வழிவகுத்த ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. எதை, எந்த வரிசையில் தருவது என்பது நோயின் வகையையும் கட்டத்தையும் பொறுத்தது.

கதிரியக்கச் சிகிச்சை எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், அந்நேரத்தில் வலிக்காது. வெளியிலிருந்து கதிர் செலுத்தப்படும் நோயாளியின் உடம்பில் கதிர் தங்குவதில்லை. அவர் வீடு திரும்பிப் பேரக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். கீமோதெரபியால் முடி உதிர்தல், வாந்தி, சோர்வு, வாய்ப்புண் வரலாம். எல்லா மருந்துக்கும் முடி உதிர்வதில்லை. உதிர்ந்தாலும் பெரும்பாலும் மீண்டும் வளரும். வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் உள்ளன. காய்ச்சல் கண்டால் மட்டும் வீட்டில் பனடோல் விழுங்கிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகும்.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதைப் போன்ற தவறு வேறில்லை. கட்டி சுருங்கிவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தியவர்கள், நோய் திரும்பியபோது மருந்துக்குக் கட்டுப்படாத நிலையில் வந்ததைக் கண்டிருக்கிறேன்.

11. மூலிகை மருந்து உதவாதா?

நம் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதவர் இல்லை. மலாய் மொழியில் கெமுண்டிங் சீனா என்பர். அச்செடியிலிருந்து 1958ஆம் ஆண்டு கனடாவில் வின்பிளாஸ்டின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதே செடி தந்த வின்கிறிஸ்டின் 1960களில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. அதுவரை அந்நோய் கண்ட குழந்தைகளில் பிழைத்தவர் மிகச் சிலரே. இன்று வசதி மிக்க நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர்.

அப்படியானால் இலையை அரைத்துக் குடிக்கலாமா? கூடாது. அந்த இலையில் வேறு பல நச்சுப் பொருள்களும் உண்டு. வின்கிறிஸ்டினோ இலையில் மிக மிக நுண்ணிய அளவே இருப்பது. அதைப் பிரித்து, நோயாளியின் உடல் அளவுக்கேற்ப மில்லிகிராம் கணக்கில் ஊசி வழியே தருகிறார்கள். சிறிது கூடினாலும் நரம்பைப் பாதிக்கும். மூலிகையின் ஆற்றலை மருத்துவம் மறுக்கவில்லை. அளந்து தருகிறது என்பதே வேறுபாடு.

டுரியான் பெலாண்டா இலைக் கசாயம், பெலாலாய் காஜா இலைச் சாறு ஆகியவை புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். நோயாளிகளிடம் முறையாக நடத்திய ஆய்வில் அப்படி நிரூபிக்கப்படவில்லை. டுரியான் பெலாண்டாவில் நரம்புகளைக் கெடுக்கவல்ல பொருள் உண்டு. நெடுநாள் குடிப்பது நல்லதன்று. எதைக் குடித்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில கசாயங்கள் மருந்தோடு மோதும். "மூன்றே மாதத்தில் குணம், அறுவை தேவையில்லை" என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். பணம் போனால் மீட்டுக்கொள்ளலாம். அந்த மூன்று மாதத்தை மீட்க முடியாது.

12. நோயாளி விரதம் இருக்கலாமா? நேர்த்திக்கடன் செலுத்தலாமா?

நீறு பூசுங்கள், பதிகம் பாடுங்கள், அர்ச்சனை செய்யுங்கள். மனத்துக்கு அவை தரும் உறுதியை எந்த மாத்திரையும் தராது. ஆனால் சிகிச்சைக் காலத்தில் உடம்புக்கு உணவு வேண்டும். பால், தயிர், பருப்பு, முட்டை, மீன் என அவரவர் வழக்கத்துக்கேற்பச் சத்துள்ள உணவு உண்ண வேண்டும். கடும் விரதத்தால் எடை குறைந்தால் அடுத்த சிகிச்சையைத் தள்ளிவைக்க நேரிடும். சர்க்கரையை அறவே நீக்கினால் புற்று பட்டினியால் மடியும் என்பதும் உண்மையன்று.

கீமோதெரபி நடக்கும்போது தைப்பூசத்துக்கு அலகு குத்துவது, தீமிதிப்பது கூடவே கூடாது. எதிர்ப்பாற்றல் குறைந்த உடம்பில் சிறு காயமும் சீழ் பிடித்து இரத்தத்தில் நஞ்சாகும். வேண்டுதலை முருகன் அறிவான். குணமடைந்து அடுத்த ஆண்டு பால்குடம் எடுத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டானா? குடும்பத்தார் ஒருவர் அவருக்காக எடுக்கலாம்.

13. நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா?

"அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று பிள்ளைகள் தாதியரிடம் கைகூப்பிக் கேட்பார்கள். அன்பினால் கேட்பதுதான். ஆனால் பெரும்பாலும் அம்மாவுக்குத் தெரிந்தே இருக்கும். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் தெரியாதவர் போல் இருப்பார். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே அழுவதைவிட, சேர்ந்திருந்து பேசுவது மேல். எந்த அளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேட்டு, அந்த அளவுக்குச் சொல்லுங்கள். அறிந்தவர்தான் சிகிச்சைக்கு ஒத்துழைப்பார். தம் கடமைகளையும் ஒழுங்குபடுத்திக்கொள்வார்.

14. குணமாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால்?

அப்போதும் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. வலியில்லாமல், தூய்மையாக, தம்மவர் சூழ இருக்கச் செய்வதும் மருத்துவமே. மார்பின் மருந்து கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி வலியோடு விடுவோர் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகத் தரும்போது அந்த அச்சம் வேண்டியதில்லை. இத்தகைய பராமரிப்பை வீடு தேடிச் சென்று வழங்க 1991ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா போன்ற அமைப்புகள் உள்ளன. பெரிய அரசாங்க மருத்துவமனைகளிலும் தனிப்பிரிவு உண்டு.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் வளர்ந்து, 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. சிறு இடத்தில், பொதுமக்கள் தந்த நன்கொடையைக் கொண்டு தொடங்கிய அந்த நிலையத்தில், டாக்டர் வி. சாந்தா அவர்கள் 2021இல் மறையும்வரை பணியாற்றி ஏழைகளுக்கு உதவினார்.

நம்மால் மருத்துவமனை கட்ட இயலாமல் இருக்கலாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரியக்கம் என்றால் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம் போக வேண்டும். குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் குறைவுதான். ஆனால் ஊர்ப்புறத்திலிருந்து நகரத்துக்கு 30, 35 முறை போய்வர வாடகை வண்டிக்கு என்ன செய்வார்? உடன் செல்லும் மகன் தன் நாள் சம்பளத்தை இழக்கிறான். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களுள் பலர் நம்பிக்கையின்மையால் விட்டவர்கள் அல்லர்; போக்குவரத்துச் செலவுக்கு வழியின்றி விட்டவர்கள். ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர், சில நாட்கள் தங்க ஓர் அறை, ஒரு டின் சத்துப்பால் மாவு ஆகியவை ஓர் உயிரைச் சிகிச்சையின் கடைசி நாள்வரை கொண்டு சேர்க்கும். கோபுரத்துக்கு ஒரு கலசம் வைத்த புண்ணியத்துக்கு இது சற்றும் குறைந்ததன்று என்பது என் தாழ்மையான கருத்து.

பொருள் உதவ இயலாதவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். வீட்டில் வெற்றிலை போடும் பாட்டியோ, புகைக்கும் தந்தையோ இருந்தால், வெளிச்சத்தில் உட்கார வைத்து, டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால், மறுநாளே பல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடவே போங்கள், "நீயே போய்க் காட்டிக்கொள்" என்று சொன்னால் அவர்கள் போக மாட்டார்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், நோயுற்றோருக்குத் துணிவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் அருள்வானாக.